சீன, கொரிய அமைப்புகள் போடும் கூட்டத்தில் நம் தமிழ்ச் சங்கமும் நிற்க வேண்டுமா?

மொட்டைமாடி:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது நியூஜெர்சியில். எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவில் இந்த ஆண்டு என்னையும் பிடித்துப் போட்டுவிட்டார்கள் (எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள், இருக்கிற சண்டையே போதும்). போன மாதம் பக்கத்து ஊரில் வயதான சீனர் ஒருவர் கடையிலிருந்து வெளியே வரும்போது எவனோ ஒருவன் "உன் நாட்டுக்கே போடா" என்று கத்திக்கொண்டு வந்து பிடித்துத் தள்ளிவிட்டான். இடுப்பெலும்பு முறிந்து இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அதைக் கண்டித்து அங்குள்ள சீன, கொரிய, பிலிப்பினோ அமைப்புகள் நகராட்சி அலுவலகத்தின் முன்னால் ஒரு கூட்டம் போடுகிறார்கள். கூட்டறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள், பேச ஒருவரை அனுப்புங்கள் என்று எங்கள் சங்கத்துக்கும் கடிதம் வந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது வாட்ஸ்அப் குழுவில் கச்சேரி. கல்வான் எல்லை மோதலில் சீன ராணுவம் நம் வீரர்கள் 20 பேரைக் கொன்றதே, அதில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவரும் இருந்தாரே, அந்த நாட்டுக்காரர்களுக்காகவா போய் நிற்கச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். கிரீன் கார்டு வரிசையில் இருப்பவன் படத்தில் சிக்கினால் நாளைக்கு நீயா வந்து பதில் சொல்வாய் என்று இன்னொருவர். இந்த ஊரில் ஏசியன் என்றால் அவர்கள்தான், நம்மை எப்போது சேர்த்துக்கொண்டார்கள் என்பது மூன்றாவது கட்சி. பெரியவர் ஒருவர், சங்கம் பொங்கலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும்தான், அரசியலுக்கு அல்ல என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எனக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் "ஏன்" என்று கேட்டால் "அதுதானே நியாயம்" என்பதைத் தாண்டி வாய் வரவில்லை. அதனால் இரண்டு கேள்விகள். இவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம்? அப்புறம், அறிக்கை விட்டு, மெழுகுவத்தி ஏற்றி, போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாமல் உருப்படியாக என்ன செய்யலாம்?

---

எடிசன்_பெரியப்பா:

தம்பி, நீ இருப்பது நியூஜெர்சி என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். உன் குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் 2000-க்குப் பிறகு வந்திருப்பார்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

1987 கோடைக் காலத்தில் ஜெர்சி சிட்டிப் பத்திரிகை ஒன்றில் ஒரு கடிதம் வெளியானது. இந்தியர்களை இந்த ஊரைவிட்டுத் துரத்த எந்த எல்லைக்கும் போவோம், தெருவில் இந்துவைப் பார்த்தால் அடிப்போம், போன் புத்தகத்தில் பட்டேல் என்று பெயர் தேடி வீட்டுக்கு வருவோம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். தங்களுக்கு டாட்பஸ்டர்ஸ் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். டாட் என்றால் நம் பொட்டு. அந்த செப்டம்பரில் பக்கத்து ஹோபோகனில் நவ்ரோஸ் மோடி என்ற பார்சிக்காரரைப் பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து அடித்தார்கள், சில நாளில் இறந்துபோனார். கூட வந்த வெள்ளைக்கார நண்பரை அவர்கள் தொடவில்லை. அதே வாக்கில் ஜெர்சி சிட்டியில் இந்திய டாக்டர் ஒருவரை அடித்துக் கோமாவில் தள்ளினார்கள். மோடி வழக்கில் ஒருவர்கூடக் கொலைக்காகத் தண்டிக்கப்படவில்லை, எல்லாம் அடிதடிக் குற்றத்தோடு முடிந்தது.

நாங்கள் அப்போது ஜெர்சி சிட்டியில் ஜெர்னல் ஸ்கொயர் பக்கம் குடியிருந்தோம். என் மனைவி ரயில் ஏறுவதற்கு முன்னால் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கைப்பைக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடியில் ஒட்டிவிடுவாள், மன்ஹாட்டனில் இறங்கியதும் மறுபடி நெற்றிக்கு வரும். சாயங்காலம் திரும்பும்போது அதேபோல. இதை அவள் யாரிடமும் புகாராகச் சொன்னதில்லை, எனக்கே ஒருநாள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அப்போது கோவிலில் கூடிய பெரியவர்கள் பேசியதும் இன்றைக்கு உன் குழுவில் பேசுவதும் அட்சரம் பிசகாமல் ஒன்றுதான்: நமக்கேன் வம்பு, பேசாமல் இருந்தால் அடங்கிவிடும். அடங்கவில்லை. தெருவில் இறங்கியது பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். அவர்கள் கத்தியதால்தான் விஷயம் மாநிலத் தலைநகர் டிரென்டன் வரைக்கும் போனது, 1990-இல் வெறுப்புக் குற்றங்களுக்கென்று மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது. அரசியல் வேண்டாம் என்று சொல்லும் அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்லிப் பார். அவருக்கு என் வயது இருந்தால் ஞாபகம் இருக்கும்.

---

வெட்டிப்பேச்சு:

எல்லாரும் "ஆமாம் ஆமாம்" என்று எழுதப் போகிறீர்கள், அதனால் எதிர்க்கட்சி வேலையை நானே பார்க்கிறேன்.

முதலில் விசா. எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் 60 நாள்தான் கெடு. 2025-இல் போராட்டங்களுக்குப் போன வெளிநாட்டு மாணவர்கள் சிலருடைய விசாவை ரத்து செய்ததை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். சங்கம் அறிக்கை விட்டுவிடும், விளைவு வந்தால் சங்கமா வந்து மார்ட்கேஜ் கட்டும்? இரண்டாவது, 2020, 21-இல் சுற்றிய வீடியோக்களில் அடிக்கிற ஆள் பல இடங்களில் கறுப்பர். அதைச் சொன்னால் இனவெறியன் என்பீர்கள், சொல்லாமல் "வெள்ளை இனவெறி" என்று மட்டும் அறிக்கை எழுதுவீர்கள். அது நேர்மையா? மூன்றாவது, நமக்கு ஒன்று என்றால் அவர்கள் வந்தார்களா? கான்சாஸில் ஒரு தெலுங்குப் பையனைச் சுட்டுக் கொன்றபோது எந்தச் சீனச் சங்கம் வந்து நின்றது?

பெரியப்பா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் 1987 வேறு, இன்றைக்கு நம்மவர்கள் கம்பெனிகளுக்கே தலைவர்கள்.

---

தூத்துக்குடிக்காரி:

வெட்டிப்பேச்சு, நீங்கள் கேட்டது எல்லாமே கேட்க வேண்டிய கேள்விதான். அறிக்கை எழுதுபவர்கள் இவற்றை ஒதுக்கிவிட்டு எழுதுவதால்தான் பாதி அறிக்கைகள் வாழ்த்து மடல் மாதிரி இருக்கின்றன. நான் அட்லாண்டாவில் இருக்கிறேன், சட்ட உதவி அமைப்பு ஒன்றில் தன்னார்வலராகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். ஒவ்வொன்றாக வருகிறேன்.

கான்சாஸிலிருந்தே ஆரம்பிப்போம். 2017 பிப்ரவரி 22, ஓலேத்தாவில் ஒரு பார். ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லாவும் அவர் நண்பர் அலோக் மதசானியும் வேலை முடிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் வந்து வம்பிழுக்கிறான், அவனை வெளியே அனுப்புகிறார்கள், "என் நாட்டைவிட்டு வெளியே போ" என்று துப்பாக்கியோடு திரும்பி வந்து சுடுகிறான். தப்பித்து இன்னொரு ஊருக்குப் போய் அங்கே ஒருவரிடம் ஈரானியர்களைச் சுட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். சுட்டவனைத் துரத்திப் பிடிக்கப் பார்த்தவர் இயன் கிரில்லட் என்ற 24 வயது வெள்ளைக்காரப் பையன். அவருக்கும் இவர்களுக்கும் எந்த உறவும் இல்லை. கையிலும் நெஞ்சிலும் குண்டு. பிறகு ஹூஸ்டன் இந்தியர்கள் சேர்ந்து அவர் வீடு வாங்க ஒரு லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். "எனக்காக எந்தச் சங்கம் வந்தது" என்ற கணக்கை அந்தப் பையன் போட்டிருந்தால் அன்றைக்கு எழுந்து ஓடியிருக்கவே மாட்டான்.

கல்வான் விஷயமும் இதில் வந்துவிடுகிறது. ஸ்ரீனிவாஸைச் சுட்டவனுக்கு ஈரானோடுதான் கோபம். 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனா மேசாவில் பெட்ரோல் பங்க் வாசலில் பூச்செடி நட்டுக்கொண்டிருந்த பல்பீர் சிங் சோதியைச் சுட்டவனுக்கு அரபியரோடு கோபம். 1982-இல் டெட்ராய்ட்டில் வின்சென்ட் சின் செத்தது ஜப்பான் கார்களின் மேல் இருந்த கோபத்தில், அவரோ சீனர். அடிக்கிறவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை. உங்கள் ஊரில் கீழே விழுந்து கிடக்கும் அந்தத் தாத்தா பீஜிங் அரசாங்கத்தின் தூதர் இல்லை, அநேகமாகக் கையில் காய்கறிப் பை வைத்திருந்தவர்.

சின் வழக்கை உங்கள் குழுவில் யாராவது விரிவாகச் சொன்னால் நல்லது. அவருக்கு 27 வயது, கல்யாணத்துக்கு முந்தைய வாரம் நண்பர்களோடு வெளியே போயிருக்கிறார். கிறைஸ்லர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவனும் வேலையிழந்த அவனுடைய வளர்ப்பு மகனும், உங்களால்தான் எங்களுக்கு வேலை போனது என்று சண்டைக்கு வந்து, துரத்திப் பிடித்து பேஸ்பால் மட்டையால் மண்டையில் அடித்தார்கள். நான்கு நாள் கழித்து இறந்தார். நீதிபதி கொடுத்த தண்டனை மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் ஆளுக்கு 3000 டாலர் அபராதமும். இவர்கள் சிறைக்கு அனுப்பும்படியான ஆட்கள் இல்லை என்று விளக்கம் வேறு. பிறகு மத்திய அரசு வழக்குப் போட்டு 1984-இல் ஒருவனுக்கு 25 ஆண்டு கிடைத்து, அதுவும் மேல்முறையீட்டில் ரத்தாகி, 1987 மறு விசாரணையில் விடுதலை. இருவரும் இதற்காகச் சிறைவாசமே அனுபவிக்கவில்லை. ஆனால் அந்த ஊர்ச் சீனர், ஜப்பானியர், கொரியர், பிலிப்பினோ எல்லோரும் முதன்முறையாக ஒரே அறையில் உட்கார்ந்து அமைப்பு கட்டியது அப்போதுதான். அதற்கு முன்னால் அவர்களும் ஒருவரையொருவர் "அவன் பிரச்சினை அவனுக்கு" என்றுதான் இருந்தார்கள், கொரியாவை ஜப்பான் அடிமைப்படுத்தி ஆண்ட வரலாறு இருப்பதால், ஜப்பானியரும் கொரியரும் சேர்ந்து உட்காருவது என்றால் கல்வானைவிடப் பெரிய கணக்கு இருக்கிறது அங்கே.

அடுத்து கறுப்பர் விஷயம். வீடியோவில் வருவது கேமரா இருக்கும் இடத்தில் நடந்தது, அதிலும் பகிரப்பட்டது மட்டும். 1992 முதல் 2014 வரையிலான ஆசியர்மீதான வெறுப்புக் குற்றப் பதிவுகளை ஆய்வு செய்தபோது தாக்கியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெள்ளையர். அதற்காகக் கறுப்பர் யாரும் அடிக்கவில்லை என்று எழுத வேண்டியதில்லை. அடித்தவன் பெயரும் செயலும் போதும், அவன் இனத்துக்கு நாம் தீர்ப்பு எழுத வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னொரு சம்பவம். 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில் சுரேஷ்பாய் பட்டேல் என்ற 57 வயதுக்காரர், பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்தவர், காலையில் மகன் வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் ஒருவர் போலீஸுக்குப் போன் போட்டு, ஒல்லியான கறுப்பன் ஒருவன் சுற்றுகிறான் என்றார். போலீஸ் வந்து கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரிந்தது "நோ இங்கிலீஷ்", "இந்தியா", "மை சன்ஸ் ஹவுஸ்" அளவுதான். ஓர் அதிகாரி அவர் கையை முதுகுக்குப் பின்னால் பிடித்துத் தரையில் அடித்தார், கழுத்தெலும்பு பாதித்து உடம்பின் ஒரு பகுதி செயலிழந்தது. அந்த அதிகாரிமேல் போட்ட மத்திய அரசு வழக்கில் ஜூரிகள் இரண்டு முறையும் ஒத்த முடிவுக்கு வராமல், கடைசியில் நீதிபதி விடுவித்துவிட்டார். நம் அப்பா அம்மாக்கள் ஆறு மாத விசாவில் வந்து ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்றுகிறார்களே, அந்தக் காட்சிதான் இது. கறுப்பர்களை ஒரு போலீஸ்காரர் எப்படி நடத்தலாம் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று இதற்கப்புறமும் யாராவது சொல்ல முடியுமா தெரியவில்லை. தவிர, அமெரிக்காவின் 1946 குடியேற்றச் சட்டம் இந்தியாவுக்குக் கொடுத்தது ஆண்டுக்கு வெறும் 100 இடம். நாம் எல்லோரும் வந்து இறங்கியது 1965 குடியேற்றச் சட்டத்தால், அது சிவில் உரிமைப் போராட்டத்தின் கையோடு வந்தது. அந்தப் போராட்டத்தில் போலீஸ் நாயிடம் கடி வாங்கியது கறுப்பர்கள், நம் தாத்தாக்கள் இல்லை.

விசா பயம் நிஜமான பயம். அதைக் கேலி செய்யாதீர்கள், மொட்டைமாடி. அனுமதி வாங்கிய அமைதியான கூட்டத்தில் நிற்பது குற்றமில்லை, ஆனால் எதற்காகவாவது கைதானால் வழக்கு முடிவதற்கு முன்பே விசாவில் சிக்கல் வரலாம். குடியுரிமை வாங்கியவர்கள் முன்னால் நின்று பேசட்டும், கையெழுத்து சங்கத்தின் பெயரில் போகட்டும், தனியாட்களின் பெயர்ப் பட்டியல் வேண்டாம், முகம் தெரியப் படம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எச்1பிக்காரர்கள் செய்யக்கூடிய வேலை வேறு நிறைய இருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

கம்பெனித் தலைவர்கள் பற்றி: இங்கே 2021 மார்ச் 16 அன்று மூன்று ஸ்பாக்களில் 8 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன், அதில் 6 பேர் ஆசியப் பெண்கள். ஸ்பாவில் சம்பளத்துக்கு வேலை பார்த்த பெண்களும் அதில் உண்டு. மறுநாள் ஷெரிஃப் அலுவலக அதிகாரி பேட்டியில், அவனுக்கு நேற்று ரொம்ப மோசமான நாள் என்றார். ஒரே ஆள், ஒரே நாள், ஆனால் ஒரு கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) அரசு வழக்கறிஞர் இதில் இன வெறுப்பு இல்லை என்றார், பக்கத்துக் கவுன்டியில் வெறுப்புக் குற்றமாகவே நடத்துவோம் என்றார்கள். மேலே எத்தனை பேர் போனாலும் கீழே நிற்பவருக்கு இதுதான் நிலைமை.

---

ஸ்கார்பரோ_அண்ணை:

கனடாவில இருந்து ஒரு சின்னக் குறிப்பு. 1907 செப்டம்பர் 4-ஆம் திகதி வாஷிங்டன் மாநிலத்தில பெல்லிங்ஹாம் எண்ட ஊரில மர ஆலையில வேலை செய்த பஞ்சாபிச் சனத்தை வீடு வீடாப் புகுந்து அடிச்சுத் துரத்தினவை. மூண்டே நாளில, 7-ஆம் திகதி, வன்கூவரில சீனரின்ர, ஜப்பானியரின்ர கடையளை உடைச்சவை. ரெண்டுக்கும் பின்னால இருந்தது ஆசியரை விலக்க வேணும் எண்டு திரிஞ்ச ஒரே சங்கம். எங்களுக்குள்ள நாங்கள் ஆசியரோ இல்லையோ எண்டு விவாதிக்கிறம், அவையளுக்கு அந்தச் சந்தேகம் இருந்ததில்லை.

1914-இல கோமகத்தா மாரு கப்பலில வன்கூவருக்கு வந்த இந்தியர் 376 பேரில ஆகக் கொஞ்சப் பேரைத் தவிர மற்ற எல்லாரையும் ரெண்டு மாதம் தண்ணியில நிக்க வைச்சுத் திருப்பி அனுப்பினவை. 2010-இல சன் சீ கப்பலில எங்கட சனம் 492 பேர் வந்தபோதும் ரேடியோவில "திருப்பி அனுப்பு" எண்ட குரல்தான் முதல் கேட்டது. தாய்மாரையும் குழந்தையளையும்கூடத் தடுப்பில வைச்சவை. அந்த நேரம் எங்களுக்காக வெளியில நிண்ட ஆக்களில தமிழர் இல்லாத ஆக்களும் இருந்தவை. அதை நாங்கள் மறக்கேல்லை. தம்பி, கையெழுத்தைப் போடுங்கோ.

---

நெத்திலி:

எல்லாம் சரி. மேடையில் பேசப் போகும் அந்த ஆளிடம் முதலில் வீட்டில் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள். "சப்ப மூக்கு", "பூச்சி தின்கிறவன்" என்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் 2020 மார்ச்சில் ஓடிய ஜோக்குகள் இன்னும் என் போனில் இருக்கின்றன. அதே மாதம் மைசூரில் நாகாலாந்து மாணவர்களைச் சூப்பர் மார்க்கெட்டுக்குள் விடவில்லை. சென்னையில் பியூட்டி பார்லரிலும் ஹோட்டலிலும் வேலை பார்க்கும் மணிப்பூர், மிசோரம் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும், பஸ்ஸில் அவர்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று. 2014-இல் டெல்லியில் நிடோ டானியா என்ற அருணாச்சலப் பையன் தன் தலைமுடியைக் கேலி செய்ததைத் தட்டிக் கேட்டதற்கு அடிபட்டுச் செத்தான், 20 வயதுதான் இருக்கும்.

சங்கத்தில் அறிக்கைக்குப் பதில் தமிழ்ப் பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகளோடு இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலே பாதிப் பிரயோஜனம். அவர்கள் ஸ்கூலில் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அப்போது வெளியே வரும்.

---

தூத்துக்குடிக்காரி:

நெத்திலி, "அறிக்கைக்குப் பதில்" என்று வேண்டாம், இரண்டும் நடக்கட்டும். மற்றபடி நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன்.

உருப்படியாக என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் வேலை புகார். ஆசியர்மீதான வெறுப்புச் சம்பவங்களைத் திரட்டும் ஸ்டாப் ஏஏபிஐ ஹேட் அமைப்பு 2020 மார்ச்சில் ஆரம்பித்து இரண்டே ஆண்டில் சுமார் 11,500 சம்பவங்களைப் பதிவு செய்தது, அதில் பெரும்பாலானவை போலீஸ் கணக்கில் வரவே வராதவை. உள்ளூர்ப் போலீஸ் எஃப்பிஐக்குக் கணக்குக் கொடுப்பது கட்டாயமில்லை என்பதால் கணக்கு ஏற்கனவே ஓட்டைதான், நாம் வேறு வாயை மூடிக்கொண்டால் எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். 2021 மே மாதம் கையெழுத்தான கோவிட்-19 வெறுப்புக் குற்றச் சட்டத்தின் முக்கிய வேலையே இந்தப் புகார் கொடுக்கும் வழியைப் பல மொழிகளில் எளிதாக்குவதுதான்.

புகார் கொடுக்கும்போது ஆட்கள் விடுவது ஒரே விஷயத்தை: என்ன சொல்லிக் கத்தினான் என்பதை. கூச்சப்பட்டு "கெட்ட வார்த்தை சொன்னான்" என்று பூசி மெழுகுவார்கள். வெறும் வசவு மட்டும் என்றால் பொதுவாக அது குற்றமாகாது, ஆனால் தள்ளியதோடு அந்த வசவு சேர்ந்தால் எதற்காகத் தள்ளினான் என்பதற்கு அதுதான் சாட்சி. அதனால் அவன் சொன்னதை அப்படியே, எந்த மொழியில் ஞாபகம் இருக்கிறதோ அந்த மொழியில், அன்றைக்கே எழுதி வையுங்கள். போலீஸ் எழுதும் அறிக்கையிலும் அந்த வார்த்தைகள் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். கடை கேமராப் பதிவு சில நாளிலேயே அழிந்துவிடும், உடனே போய்க் கேளுங்கள். உங்கள் ஊர்த் தாத்தா விஷயத்தில் அந்தப் பதிவை யாராவது வாங்கினார்களா?

பக்கத்தில் நிற்பவர் என்ன செய்யலாம் என்பதற்கு இலவச ஆன்லைன் பயிற்சிகள் இருக்கின்றன, ஒரு மணி நேரம்தான். சாராம்சம் இதுதான்: அடிக்கிறவனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வசவு வாங்குபவரிடம் போய், தெரிந்தவர் மாதிரி "ஏங்க, பஸ் எத்தனை மணிக்கு" என்று பேச்சுக் கொடுத்து நகர்த்திக்கொண்டு போகலாம். கடைக்காரரையோ டிரைவரையோ கூப்பிடலாம். வேறு யாராவது உதவிக்கு இருந்தால் மட்டும் வீடியோ எடுக்கலாம், அதையும் அவரைக் கேட்காமல் வெளியிடக் கூடாது. எல்லாம் முடிந்தபின் கூடவே இரண்டு நிமிடம் நின்று, வீட்டுக்கு யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்கலாம். நேருக்கு நேர் தட்டிக் கேட்பது பாதுகாப்பாகத் தோன்றினால் மட்டும். எச்1பிக்காரர் செய்யக்கூடிய வேலை என்று முன்பு சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு முகவரி, உங்கள் நம்பர், "எனக்கு ஆங்கிலம் தெரியாது, என் மகன் வீடு இது" என்று ஆங்கிலத்தில் எழுதிய ஓர் அட்டையைச் சட்டைப் பையில் போட்டு அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒருமுறை அறிமுகப்படுத்துங்கள். உங்கள் பகுதியில் சீன முதியவர்களும் காலையில் அதே பூங்காவில்தான் நடப்பார்கள், இரண்டு கூட்டமும் ஒரே நேரத்துக்கு வந்தால் பாதுகாப்பு, மொழி தெரியாவிட்டால் என்ன.

---

வெட்டிப்பேச்சு:

கிரில்லட் கதை எனக்குத் தெரியாது, அந்த வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். நான்கில் மூன்று பங்கு கணக்கு 2014-உடன் நிற்கிறது, 2020-க்குப் பிறகு என்ன என்பது தனிக் கேள்வி, அதை விட மாட்டேன். கூட்டத்துக்கு வர மாட்டேன், கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட என் ஐ-140 மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்தப் பயிற்சிக்கு ஆள் சேர்த்தால் என் பெயரையும் போடுங்கள், என் அம்மா அடுத்த மாதம் வருகிறார்.

---

மொட்டைமாடி:

எல்லோருக்கும் நன்றி. பெரியப்பா எழுதியதை அப்படியே குழுவில் போட்டேன். அரசியல் வேண்டாம் என்ற பெரியவர் ரொம்ப நேரம் எதுவும் எழுதவில்லை, பிறகு நியூவார்க் அவென்யூவில் தன் கடைக் கண்ணாடியை அந்த வருடம் உடைத்ததைப் பற்றி நீளமாக எழுதினார். கையெழுத்துப் போடலாம் என்று முடிவாகியிருக்கிறது, இரண்டு பேர் இன்னும் எதிர்ப்பு. கேமராப் பதிவு பற்றிச் சீனச் சங்கத்தில் கேட்டேன், அந்தக் குடும்பம் மறுநாளே வாங்கிவிட்டதாம்.

எங்கள் பங்குக்கு அறிக்கையில் சேர்க்க ஒரு பத்தி எழுதியிருக்கிறோம், பாருங்கள்: "சட்டத்தை மதித்து, வரி கட்டி, கடின உழைப்பால் இந்த நாட்டின் வளர்ச்சிக்குப் பங்களிக்கும் ஆசிய சமூகத்தின்மீது நடக்கும் தாக்குதலை வன்மையாகக் கண்டிக்கிறோம். உலகில் எந்த மூலையில் எந்த வடிவில் வன்முறை நடந்தாலும் அதை எதிர்க்கிறோம்."

---

தூத்துக்குடிக்காரி:

முதல் வரியில் "சட்டத்தை மதித்து" முதல் "பங்களிக்கும்" வரை எடுத்துவிடுங்கள். வரி கட்டாதவரை, வேலை இல்லாதவரை, பேப்பர் இல்லாதவரைத் தள்ளிவிட்டால் பரவாயில்லையா? நல்ல பிள்ளை சான்றிதழைக் காட்டி அடிக்காதே என்று கேட்கும் தொனி அதில் இருக்கிறது. 1942-இல் அமெரிக்க அரசு சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள், ஒழுங்காக வரி கட்டிய குடும்பங்களும்தான் உள்ளே போயின.

இரண்டாவது வரி முழுவதும் வேண்டாம். உலகின் எல்லா மூலையையும் கண்டித்தால் உங்கள் ஊர்க் கடை வாசல் காணாமல் போய்விடும். அதற்குப் பதில் எந்த ஊர், எந்தத் தேதி, என்ன நடந்தது என்று எழுதுங்கள், வழக்கில் வெறுப்புக் குற்றப் பிரிவைச் சேர்க்க வேண்டும் என்று கவுன்டி அரசு வழக்கறிஞரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 1987 பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருக்கட்டும், அந்தப் பெரியவர் சம்மதித்தால் அவரையே பேச அனுப்புங்கள், கண்ணாடி உடைந்த கதையோடு. தாத்தாவின் பெயரைப் போடலாமா என்று அவர் மகளிடமோ மகனிடமோ கேட்ட பிறகு போடுங்கள்.

திருத்தியதை இங்கேயே போடுங்கள், இன்றிரவு பார்க்கிறேன். ஆங்கிலத்தில் மாற்றும்போது யாராவது ஏஐயிடம் கொடுத்து அந்த "கடின உழைப்பு" வரியைத் திரும்பக் கொண்டுவந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.